செவ்வாய்க்கிழமை வண்டி ஓட்டியது யார்

நாற்பத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவன் நான். இத்தனை வருஷத்தில் வேகமாகப் போனதற்காக என் பேரில் ஒரு வழக்கு கிடையாது. அதனால் மெதுவாகப் போகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். எழுமலைப் பக்கத்துத் தோட்டங்களில் விடிவதற்கு முன்னாலேயே பறித்த மல்லிகையை ஏற்றிக்கொண்டு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம் சூடு பிடிப்பதற்குள் இறக்கியாக வேண்டும். அரை மணி நேரம் பிந்தினால் அரும்பு வாய் திறந்துவிடும், அப்புறம் அந்தப் பூவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த ரோட்டில் என் வேனை முந்தின வேன் கிடையாது. இதை நான் சொல்லக் கூடாது, மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லக்கூடியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு தடவை செக்கானூரணி பக்கம் நிறுத்தினார்கள். அது கணக்கில் வராது, ஏனென்றால் எழுதவில்லை. "பூ வாடுது சார்" என்றேன். போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார், மணம் மூக்கில் ஏறியிருக்க வேண்டும், போ என்று கையைக் காட்டினார்.

மற்ற நாளெல்லாம் போலீஸ் எங்கே நிற்கிறது என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். எதிரே வருகிறவன் சொல்லிவிடுவான். இரண்டு தடவை லைட்டை அடித்தால், முன்னால் ஜீப் நிற்கிறது என்று அர்த்தம். லாரிக்காரன், பஸ்காரன், பால் வண்டிக்காரன், யாராக இருந்தாலும் முகம் தெரியாதவனுக்கு இந்த மரியாதையைச் செய்வான். நாம் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, போலீசைத் தாண்டியதும் நமக்கு எதிரே வருகிறவனுக்கு அதே மாதிரி அடிக்க வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவன் நான். எனக்குத் தெரிந்த பாடமெல்லாம் இந்த மாதிரிப் பாடம்தான். அந்தப் பாடத்தை வைத்து ஒரு வேன் வாங்கினேன், ஒன்று நாலாச்சு, அவனியாபுரத்தில் மாடி வீடு கட்டினேன், வண்டி நிறுத்த ஷெட் போட்டேன், மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். படித்துவிட்டு அவனும் இந்தப் பூ வேன்களைத்தான் பார்த்துக்கொள்கிறான் என்பது வேறு விஷயம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் வீட்டு வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர். முதல் வேனுக்கு வாய்த்த நம்பர் எனக்கு ராசியாக இருந்தது. அதற்குப் பிறகு வாங்கின ஒவ்வொரு வண்டிக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காத்துக் கிடந்து அதே நம்பரைக் கேட்டு வாங்கினேன். நாலு வேன், என் கார், மகனுடைய கார், மருமகளின் ஸ்கூட்டர், எல்லாம் கடைசி நாலு இலக்கம் ஒன்றுதான். நடுவில் வருகிற இங்கிலீஷ் எழுத்து மட்டும் மாறும், அதை எங்கள் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. நம்பரைப் பார்த்தாலே உசிலம்பட்டி ரோட்டில் டீக்கடைக்காரர்கூட "அவுக வண்டி போகுது" என்பார். அந்த நம்பரை இங்கே நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நான் யார் என்று தெரிந்துபோகும். அப்புறம் இதிலுள்ள சங்கதி எங்கள் டிரைவர்கள் காதுக்குப் போகும். அவர்கள் புத்தகம் படிக்கிறவர்கள் இல்லை என்பது எனக்கு ஒரு தைரியம்.

வண்டி எல்லாம் என் பேரில்தான் இருக்கிறது. மகன் கார்கூட என் பேர்தான். அதனால் எந்த வண்டியைப் பற்றிய சேதியும் என் போனுக்குத்தான் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காரை வீட்டுக்குள் திருப்பும்போது கேட் தூணில் உரசிவிட்டேன். கொத்தனார் தூணைக் கொஞ்சம் கோணலாகக் கட்டியிருந்தான், பதினெட்டு வருஷம் கழித்துத்தான் எனக்கே அது தெரிந்தது. அன்றிலிருந்து மகன் ஆரம்பித்தான்.

"அப்பா, போதும்ப்பா. எங்க போகணும்னாலும் ஆள் போட்டு அனுப்புறேன்."

"நான் கார் ஓட்டிக்கிட்டுப் போறதே அந்த ஆளு மூஞ்சியப் பாக்காம இருக்கத்தான்டா."

"எழுபத்தொண்ணு ஆச்சு உங்களுக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரி, மருமகள் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். "எம் பேர்ல என்னிக்கு ஒரு கேஸ் வருதோ, அன்னிக்குச் சாவிய நானே ஒங்கையில குடுத்துர்றேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சு எடுக்கக் கூடாது."

அவன் எடுக்கவில்லை. அந்த விஷயத்தில் நல்லவன். ஆனால் வேகத்தைப் பற்றி டிரைவர்களிடம் கறாராக இருந்தான். அதிவேகம் என்று எந்த டிரைவர் பேரில் சேதி வருகிறதோ, மறுநாள் அவனுக்கு வேலை கிடையாது. போன வருஷம் பதினொரு வருஷம் ஓட்டின ஒருத்தனை அப்படித்தான் நிறுத்தினான். நான் எவ்வளவோ சொன்னேன். "ரோட்டுல போறவன் உசுருப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் என் ரத்தத்தில் பிறந்தவனுக்கு வேகம் எப்படிப் பிடிக்காமல் போனது என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். என் போன் சத்தம் கொடுத்தது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. மருமகள் பள்ளிக்கூடத்து டீச்சர், அவள்தான் வாசித்துச் சொல்லுவாள். வாசித்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, உங்க வண்டிக்கு ஃபைன் வந்திருக்கு."

"எந்த வண்டிக்கு?"

"நம்ம நம்பர்தான் மாமா. அதிவேகம்னு போட்டிருக்கு. செவ்வாய்க்கிழமை காலைல பத்து நாப்பது. திருமங்கலத்துக்கு முன்னால, நாலுவழிச் சாலைல."

என் வீட்டுக்காரி டம்ளரைக் கீழே வைத்தாள். "செவ்வாக்கெழம இவுகதான கார எடுத்துட்டு எழுமலைக்குப் போனாக."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வண்டியாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பூ வேன்கள் காலை எட்டு மணிக்கெல்லாம் கழுவி ஷெட்டில் நின்றுவிடும், டிரைவர்கள் தூங்கப் போய்விடுவார்கள். பத்து நாற்பதுக்கு அதை யாரும் தொட மாட்டார்கள். மருமகளை அன்றைக்குப் பள்ளிக்கூட வேலையாக விருதுநகருக்குக் கூட்டிப்போனது மகனுடைய கார். தெரிந்த டிரைவர் ஒருவர்தான் ஓட்டிப்போனார், காலை ஏழு மணிக்கே போய்விட்டார்கள். ஸ்கூட்டர் வீட்டு வாசலிலேயே நின்றது. ஆக, மிச்சம் என் கார்தான்.

மகன் வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வந்து என் போனை வாங்கினான், தன் போனில் எதையோ அமுக்கினான். "கட்டிட்டேன். விடுங்க" என்றான்.

"அம்புட்டு அவசரமாக் கட்டணுமா?"

"கட்டித்தானப்பா ஆகணும்."

என் வீட்டுக்காரிக்கு விட மனசில்லை. "அப்ப சாவி?"

"ஞாயித்துக்கெழம சொல்றேன்" என்றேன்.

"சொல்ல என்ன இருக்கு? ஓட்டுனீகளா, இல்லையா?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை.

நம்புங்கள், நாற்பத்தாறு வருஷ ரோட்டில் எந்தப் பாலம் எங்கே, எந்த வளைவில் புளியமரம் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஆனால் இரண்டு நாளைக்கு முன்னால் எந்த ரோட்டில் வந்தேன் என்பது பிடிபடவில்லை. போனது உசிலம்பட்டி வழி, அது நிச்சயம். எழுமலையில் பழைய பூ விவசாயி ஒருவரைப் பார்த்தேன், காப்பி கொடுத்தார், அதுவும் நிச்சயம். வருகிற வழியில் கண்மாய்க் கரையில் காரை நிறுத்திவிட்டு ஒன்றுக்கு இறங்கினேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரோடு பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் உசிலம்பட்டி வழியாகவே வந்தேனா, பேரையூர் போய்த் திருமங்கலம் வழியாக வந்தேனா? உசிலம்பட்டி என்று மனசு சொல்கிறது. ஆனால் கார் டிக்கியில் வெள்ளரிப் பிஞ்சு கிடந்தது. வெள்ளரிப் பிஞ்சு நான் எப்போதும் திருமங்கலம் ரோட்டில்தான் வாங்குவேன்.

"அது போன வாரம் வாங்குனது" என்றாள் வீட்டுக்காரி. "வதங்கிக் கெடக்குல்ல, பாக்கலையா?"

பார்த்தேன். வதங்கித்தான் கிடந்தது. ஆனால் இந்த வெயிலுக்கு இரண்டு நாளில் வதங்காதா? அவள் சொன்னதும் சரி போல இருந்தது, நான் நினைத்ததும் சரி போல இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க இப்படியே போனது. பத்து நாற்பதுக்கு நான் எங்கே இருந்தேன்? நான் கடிகாரம் பார்க்கிற ஆள் இல்லை, வெயிலைப் பார்க்கிற ஆள். அன்றைக்குக் காலையில் மேகமாக வேறு இருந்தது.

ஒரு கட்டத்தில், சரி, ஓட்டியிருப்பேன் என்றே வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டதும் ஒரு ஆச்சரியம். அந்த நாலுவழிச் சாலையில் நான் வேகமாகப் போவது எனக்கே ஞாபகம் வர ஆரம்பித்தது. ஸ்டீயரிங் லேசாக நடுங்குவதுகூட ஞாபகம் வந்தது. அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. இல்லாததை மனசு உண்டாக்குகிறதா, இருந்ததை ஒளித்து வைக்கிறதா?

சனிக்கிழமை காலையில், முடி வெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். போலீஸ் நிற்கிற இடத்துக்கே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு. நாற்பத்தாறு வருஷம் அவர்கள் கண்ணில் படாமல் போனவன், நானாக அவர்களைத் தேடிப் போகிறேன். கப்பலூர் தாண்டியதும் ஐம்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்தான். ஒரு பஸ் டிரைவர் பக்கத்தில் வந்து, குனிந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

திருமங்கலத்துக்கு முன்னால் சாலையோர வேப்பமர நிழலில் வெள்ளை ஜீப் நின்றது. வெளியே மூன்று கால் ஸ்டாண்டில் கேமரா, பக்கத்தில் இளவயதுக் கான்ஸ்டபிள். ஜீப்புக்குள் கொஞ்சம் வயசான அதிகாரி. நான் ஓரங்கட்டி இறங்கினேன்.

"என்ன பெரியவரே, வண்டி ரிப்பேரா?" என்றான் கான்ஸ்டபிள்.

"இல்ல தம்பி. ஒரு சந்தேகம் கேக்கணும்."

"கேமராவுக்கு முன்னால நிக்காதீங்க, இங்கிட்டு வாங்க. மொதல்ல நான் ஒண்ணு கேக்குறேன். தூரத்துல இருந்தே எதிர்ப்பக்கம் போற வண்டிக்கெல்லாம் லைட் அடிச்சுக்கிட்டு வந்தீங்களே, எதுக்கு?"

ஜீப்பைப் பார்த்ததும், தாண்டுவதற்கு முன்னாலேயே, கை தானாக அடித்திருக்கிறது. எனக்கே தெரியாது. "பழக்கம்" என்றேன்.

"எங்களக் காட்டிக் குடுக்குற பழக்கமா?"

உள்ளே இருந்த அதிகாரி சிரித்தார். "ஏம் பெரியவரே, நடுவுல இம்புட்டுப் பெரிய தடுப்பு கெடக்கு. அந்தப் பக்கம் போறவன் மதுரைக்குப் போறான். அவன் எங்க கேமராவுல எப்பிடி மாட்டுவான்?"

நான் திரும்பிப் பார்த்தேன். நடுவில் அரளிச் செடி வைத்த தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் தனி ரோடு. அவர் சொன்னது சரிதான். இந்தச் சாலையை நாலுவழி ஆக்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இத்தனை வருஷமும் நான் சம்பந்தமே இல்லாதவனுக்கு லைட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களெல்லாம் என்ன நினைத்திருப்பார்கள்? டயரில் காற்று இல்லையோ, கதவு சரியாகச் சாத்தவில்லையோ என்று இறங்கிப் பார்த்திருப்பார்கள்.

"என்ன சந்தேகம், சொல்லுங்க" என்றான் கான்ஸ்டபிள்.

போனைக் கொடுத்தேன். "இது நான் ஓட்டுனதா இல்லையான்னு தெரியணும்."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்குத் தம்பி ஒங்கிட்ட வாரேன்?"

அவன் அந்தச் சேதிக்குள் எதையோ அமுக்கினான். போனில் ஒரு வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது. "தொண்ணூத்தாறு" என்றான்.

"தொண்ணூத்தாறுக்கு எதுக்குக் கேசு? நூறு வரைக்கும் போகலாம்னு போர்டு வச்சிருக்கீகளே."

"அது காருக்கு. சரக்கு வண்டிக்கு எம்பதுதான்."

"சரக்கு வண்டியா?"

போனை என் பக்கம் திருப்பினான். காரே இல்லை. எங்கள் பூ வேன். அதுவும் நான் இரண்டாவதாக வாங்கின வேன், நீலத் தார்ப்பாயைப் பார்த்ததுமே தெரிந்தது. உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு வந்தது பெருமைதான்.

"இந்த வண்டி தொண்ணூத்தாறு போச்சா?"

"போயிருக்கே."

"பதினாலு வருஷ வண்டி தம்பி. எஞ்சின் வேல பூரா நான் பக்கத்துல நின்னு பார்த்தது."

"இதுல பெருமை வேறயா" என்றார் ஜீப்பில் இருந்தவர்.

கான்ஸ்டபிள் இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினான். கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரிந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என் மகன்.

"யாரு, உங்க டிரைவரா?"

"ஆமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"கூப்ட்டுக் கண்டிச்சு வைங்க. எதுக்கு இப்பிடிப் பறக்குறான்?"

"கேக்குறேன்" என்றேன்.

அங்கிருந்து திரும்பும்போது அரைக் கிலோமீட்டருக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பேரில் கேஸ் இல்லை. சாவி என்னிடம்தான். என் மண்டையும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மற்றது ஒவ்வொன்றாக வந்தது. காலியான பூ வேனை எடுத்துக்கொண்டு அந்த நேரத்தில் அவன் எங்கே போனான்? அதுவும் அவனா, தொண்ணூற்றாறிலா? வியாழக்கிழமை எல்லாரும் என்னைப் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டு ஏன் நின்றான்? கெட்ட நினைப்பெல்லாம் வந்தது. வெளியில் ஏதாவது வம்பில் மாட்டிக்கொண்டானோ, வீட்டுக்குத் தெரியக் கூடாத சங்கதி ஏதாவது இருக்கிறதோ என்று. ரிங்ரோட்டில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய், சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஷெட்டில் அவன் மட்டும்தான் இருந்தான். தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். போனை அவன் முன்னால் நீட்டினேன். பார்த்தான். கயிற்றை விட்டுவிட்டான்.

"செவ்வாக்கெழம எங்கடா போன?"

"எழுமலைக்கு."

"எதுக்கு?"

"உங்களத் தேடி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்ன காணாமலா போனேன்?"

அவன் சொன்னான். செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு எழுமலை ரோட்டு பஞ்சர் கடைக்காரர் அவனுக்குப் போன் செய்திருக்கிறார். எங்கள் வண்டி நம்பரும் மகனுடைய போன் நம்பரும் அவருக்குத் தெரியும். கண்மாய்க் கரையில் அப்பா கார் நிற்கிறது, கதவு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை, போன் சீட்டில் கிடந்து அடித்துக்கொண்டே இருக்கிறது, கடையை விட்டுவிட்டுத் தேடிப் போக என்னால் முடியவில்லை, உடனே வாருங்கள் என்று. மகன் காரில்தான் மருமகள் போயிருந்தாள். ஷெட்டில் நின்ற வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான்.

"வந்து?"

"பதினொண்ணே முக்காலுக்கு வந்தேன். கரை மேல ஏறுனேன். கண்மாயில தண்ணி கெடந்துச்சு. நான் மொதல்ல தண்ணியத்தான் பார்த்தேன்."

தார்ப்பாயில் ஒட்டியிருந்த காய்ந்த பூவைக் கிள்ளி எறிந்தான்.

"அப்பறம் உங்க சத்தம் கேட்டுச்சு. அந்தப் பக்கம் ஆட்டுக்காரர்கிட்ட கையத் தூக்கித் தூக்கிப் பேசிக்கிட்டிருந்தீங்க. பூ வேன்ல ஒரு லாரிய முந்துன கதை."

"அத ரெண்டாவது தடவ சொல்லச் சொன்னாரு" என்றேன். அது உண்மை.

"அப்பிடியே திரும்பிட்டேன்."

"ஏன்டா கூப்புடல?"

"கூப்புட்டிருந்தா நீங்க எம் மூஞ்சியப் பார்த்திருப்பீங்க."

நான் வேன் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இன்னொரு சந்தேகம் இருந்தது. "கதவு எப்பிடித் தெறந்து கெடக்கும்? நான் திரும்பி வந்தப்ப சாத்தித்தான இருந்துச்சு."

"நான்தாம்பா சாத்திட்டு வந்தேன்."

அதோடு என்னிடம் மிச்சம் இருந்த ஒரு சாட்சியும் போனது. பத்தேகாலுக்கு முன்னாலேயே நான் அங்கே இறங்கியிருக்கிறேன். பதினொன்றே முக்காலுக்கு இன்னும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரம். எனக்கு அது பத்து நிமிஷம். நான் பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது, அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆகுமா? போன் சட்டைப் பையில் இருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். கதவைச் சாத்தியதாகத்தான் ஞாபகம்.

"சரி. வியாழக்கெழம எம்மேல போட்டப்ப வாயத் தெறக்கலையே நீ?"

"ஆமா."

"ஏன்?"

"சாவி கைக்கு வந்துரும்னு நெனச்சேன்." என் முகத்தைப் பார்த்தே சொன்னான். "தப்புதான். ரெண்டு நாளா சாப்பாடு எறங்கல."

"எங்கிட்ட நேராக் கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன்லப்பா. ரெண்டு வருஷமா கேட்டேன்ல."

வேறு எதையாவது பிடித்துச் சண்டை போட வேண்டும் போல இருந்தது. "வேகமாப் போனான்னு ஒருத்தன வேலைய விட்டு நிறுத்துனியே, அவனுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"நேத்து அவனுக்குப் போன் போட்டு வரச் சொல்லிட்டேன்."

"என்ன காரணம் சொன்ன?"

"ஆள் பத்தலன்னு."

அவன் மறுபடியும் கயிற்றை எடுத்தான். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு. வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் சட்டைப் பையில் போன் இருந்தது, போனில் படம் இருந்தது. எடுத்து மருமகள் கையில் கொடுத்தால் போதும். ஷெட்டிலிருந்து வந்ததிலிருந்து அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன். எப்படிக் கொடுக்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும், வீட்டுக்காரி முகம் எப்படிப் போகும் என்பதுவரை யோசித்திருந்தேன். நாற்பத்தாறு வருஷமாக என் பேரில் ஒரு கேஸ் கிடையாது என்பது அந்த ஒரு படத்தில் நிலைத்துவிடும்.

வீட்டுக்காரி கரண்டியோடு வந்து நின்றாள். "ஞாயித்துக்கெழம வந்துருச்சு. ஞாபகம் வந்துச்சா, இல்ல இன்னும் பஞ்சாயத்து வைக்கணுமா?"

மகன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தானே தவிர வாய்க்குப் போகவில்லை.

"வந்துருச்சு" என்றேன். "நான்தான் ஓட்டுனேன்."

சாவியை எடுத்து மகன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இதை ஏன் செய்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. டிரைவர்கள் முன்னால் அவன் தலை குனியக் கூடாது என்பதற்காகவா? அப்படித்தான் காலையில் தோன்றும். கண்மாய்த் தண்ணீரை அவன் முதலில் பார்த்தான் என்று சொன்னானே, அதற்காகவா? மத்தியானம் அப்படித் தோன்றும். சாயங்காலம் ஆனால், அந்தத் தொலைந்துபோன ஒன்றரை மணி நேரம்தான் காரணம், எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று தோன்றும். கேஸ் என் பேரில் இல்லை, ஆகவே சொன்ன வாக்குப்படி சாவி என்னுடையது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வேன் என் பேரில்தான் பதிவாகியிருக்கிறது. சட்டப்படி பார்த்தால் கேஸ் என் பேரில்தான் வந்திருக்கிறது. ஓட்டாத கேஸ் என் கேஸா? அவன் என்னைத் தேடித்தானே ஓட்டினான்? ஒரு வக்கீலிடம் கேட்கலாம் என்றுகூட நினைத்தேன். கேட்டால் சிரிப்பார்.

மகன் சாவியைத் தொடவில்லை. என்னைப் பார்த்தான். என் வீட்டுக்காரி, ஒரு வார்த்தை குத்திச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன், அவளோ எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மருமகள்தான் கேட்டாள். டீச்சர் இல்லையா, அரைகுறைப் பதிலை விட மாட்டாள்.

"அவ்வளவு வேகமா எங்க மாமா போனீங்க?"

அதற்கு நான் பதில் யோசித்து வைக்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை.

"ஒருத்தரத் தேடிப் போனேன்" என்றேன்.

"கிடைச்சாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் சொன்னான். "கெடச்சாரு. பேசிக்கிட்டிருந்தாரு."

மருமகள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இலைக்குப் பக்கத்தில் கிடந்த சாவியைப் பார்த்தாள். இவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. சாவியில் குழம்பு பட்டுவிடும் என்று எடுத்துத் தள்ளி வைத்தாள். அது யார் பக்கம் என்று சொல்ல முடியாத இடத்தில், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கிடந்தது.